வீட்டையே ஓட்டிட்டுப் போலாமா?

இன்ஜினியரிங் சீட் கிடைச்ச அன்னைக்கே சொந்தக்காரங்க நமக்கு மூணு போஸ்டிங் போட்டுடுவாங்க. மிக்ஸி ரிப்பேர், வைஃபை பாஸ்வேர்டு, அப்புறம் பழைய வண்டி செக்கிங். "கண்ணு, ஒரு வண்டி பார்த்து வெச்சிருக்கோம். நீ வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போயேன்." நீங்க இ.சி.இ.னு சொன்னாலும் விடமாட்டாங்க. அவங்களுக்கு எல்லா இன்ஜினியரும் ஒண்ணுதான் பாஸ்!

இந்த வாரம் மங்கலத்துல இருந்து வந்த கேஸ் கொஞ்சம் புதுசு. பெரியம்மா பொண்ணு பனியன் கம்பெனில செக்கிங். மாமா பவர் டேபிள் டெய்லர். அஞ்சு வயசுல ஒண்ணு, ரெண்டு வயசுல ஒண்ணுன்னு ரெண்டு வாண்டு. ஞாயித்துக்கிழமைதான் லீவு. ஒரே பைக்ல நாலு பேர் போறது ஆபத்து, சட்டப்படியும் தப்பு. சீசன்ல ஊட்டி ரூம் வாடகையைக் கேட்டா, கேட்ட இடத்துலயே குளிர் அடிக்குது. அதனால மாமா ஒரு ஐடியா பண்ணிட்டார்.

"தீபாவளி போனஸ் வருது மாப்ள. பழைய ஓம்னி ஒண்ணை வாங்கி, பின்சீட்டைக் கழட்டிட்டு மெத்தை போட்டுக்கலாம். சின்னதா ஒரு கேஸ் அடுப்பு. யூடியூப்ல பார்த்தேன், சும்மா ஜம்முனு இருக்குது. ரூமே வேண்டாம்!"

ஐடியா சூப்பர்தான். கல்யாணமாகி ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்குற பல வீட்டுல இப்ப இந்தக் கனவு ஓடிட்டு இருக்கு. அதுல எது சரி, எது ஆபத்துன்னு பிரிச்சுப் பார்த்துடுவோம். ஏன்னா நாளைக்கு உங்க மாமாவும் கூப்பிடுவார்!

கேரவன், கேம்பர், குழப்பம்

நம்ம ஊர்ல கேரவன்னா ஹீரோ மேக்கப் போடற பஸ். வெளிநாட்டுல கதை வேற. 1950-ல் வந்த வோக்ஸ்வேகன் வேனுக்குள்ள கட்டில், அலமாரி வெச்சு குடும்பம் குடும்பமா ஊர் சுத்தினாங்க. கேம்பர் வேன்னு ஒரு கலாசாரமே அதைச் சுத்தி வளர்ந்துச்சு. இங்க கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு. கட்டில், டாய்லெட், கிச்சன்னு எல்லாம் இருக்குற வண்டியை வாடகைக்கு எடுத்துப் போகலாம்.

பழைய வண்டி விளம்பரத்துல 'கேம்பர்'னு தேடினா பொலிரோ கேம்பர்தான் வரிசையா வந்து நிற்கும். ஏமாந்துடாதீங்க. அது முன்னாடி ரெண்டு வரிசை சீட்டும் பின்னாடி திறந்த தொட்டியும் இருக்குற பிக்கப். சரக்கு ஏத்தலாம், படுத்துத் தூங்க முடியாது.

அப்போ போனஸ் பட்ஜெட்ல நிஜமா என்ன மிஞ்சுது? ரெண்டே பேர்தான். மாருதி ஓம்னி, மாருதி ஈகோ.

ரெண்டு வேன், ஒரே முடிவு

ஓம்னி 1984-ல் 'மாருதி வேன்' என்ற பேர்ல வந்துச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர், நாலு கியர். ரெண்டு பக்கமும் தள்ளுற கதவு. நம்ம பெல்ட்டுல இதுக்கு வேற வாழ்க்கை. கட்டிங் பீஸ் ஏத்தும், பண்டல் ஏத்தும், சாயங்காலம் ஆனா அதே வண்டியில குடும்பம் கோயிலுக்குப் போகும். உற்பத்தி 2019-ல் நின்னு போச்சு.

ஏன் நின்னுச்சு? மேட்டரே இங்கதான் இருக்கு. 2019 ஏப்ரலில் இருந்து கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அந்த வருஷம் ஜூலையில் இருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அக்டோபரில் இருந்து பழைய மாடல்களும் கிராஷ் டெஸ்ட் தாண்டியாகணும். ஓம்னில இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில இருக்கு. டிரைவர் முட்டிக்கு முன்னாடி மெல்லிசா ஒரு தகடு, அவ்ளோதான். மோதினா நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்க மூக்கே கிடையாது. அதை வெச்சுட்டு புது ரூல்ல பாஸ் ஆக முடியலை.

அந்த வோக்ஸ்வேகன் வேனுக்கும் இதே முடிவுதான். கடைசியா பிரேசில்ல தயாரிச்சிட்டு இருந்தாங்க. 2014-ல் இருந்து ஏர்பேக், ஏ.பி.எஸ். கட்டாயம்னு அங்க சட்டம் வந்ததும், 2013 டிசம்பரோட கடையைக் கட்டிட்டாங்க. உலகமே கொண்டாடின வேனும், நம்ம ஊரே கொண்டாடின வேனும் நின்னது ஒரே காரணத்துக்கு. முன்னாடி உட்கார்ந்திருக்கறவங்களை அதால காப்பாத்த முடியாது.

2010-ல் வந்த ஈகோவுக்கு இன்ஜின் பெருசு, 1.2 லிட்டர். அஞ்சு கியர். ஆனா அதுவும் உத்தமர் இல்லை. 2016-ல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தப்போ, ஏர்பேக் இல்லாத ஈகோவுக்கு பெரியவங்க பாதுகாப்புல கிடைச்சது ஜீரோ ஸ்டார். அதனால ஈகோன்னா 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரானது. 2022-க்கு அப்புறம்னா முன்னாடி ரெண்டு ஏர்பேக்கும் இருக்கும், இன்னும் நல்லது. வருஷத்தை வாய் வார்த்தையில நம்பாம ஆர்.சி. புக்குல தயாரிப்பு மாசத்தைப் பாருங்க. பட்ஜெட் ஓம்னிக்குத்தான் எட்டும்னா, அதை உள்ளூர் வண்டியா மட்டும் நினைச்சு வாங்குங்க. பைபாஸ்ல பறக்கவும், ராத்திரி லாங் டிரைவ் அடிக்கவும் அது ஆள் கிடையாது. முன்சீட்டுல குழந்தையை உட்கார வைக்கவே கூடாது.

பெட் போட்டா பெல்ட் போச்சு

இப்ப மாமாவோட மெத்தைக்கு வருவோம். பின்சீட்டைக் கழட்டினா இடம் கிடைக்கும். ஆனா சீட்டோட சேர்ந்து சீட் பெல்ட்டும் போயிடும். ரெண்டு வாண்டும் ஓடுற வண்டில மெத்தை மேல உருண்டுட்டு வரும். பார்க்க ஜாலியாத்தான் இருக்கும்.

பிளஸ் ஒன் பிசிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க. மணிக்கு 50 கி.மீ. என்பது விநாடிக்கு சுமார் 14 மீட்டர். அந்த வேகத்துல வண்டி டமார்னு நின்னா மெத்தைல இருக்குற குழந்தை நிக்காது, அதே வேகத்துல முன்னாடி பாயும். சுமார் 10 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது மூணாவது மாடில இருந்து விழுந்தா தரையில எந்த வேகத்துல மோதுவோமோ, அதே வேகம். 50-லேயே இப்படின்னா 80-ஐ நீங்களே போட்டுப் பாருங்க. வேகம் ரெட்டிப்பானா உயரம் நாலு மடங்கு.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு பெல்ட்டோ, சைல்டு சீட்டோ இல்லைன்னா 1,000 ரூபாய் அபராதம். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு அதே வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும் சேர்த்து. ஆர்.சி.ல அஞ்சு சீட்டுன்னு இருந்தா வண்டிக்குள்ளயும் அஞ்சு சீட்டு இருக்கணும்.

அப்போ தூக்கம்? வண்டி நின்ன பிறகு மட்டும். சீட்டை அப்படியே விட்டுட்டு, அதுக்கு மேல விரிக்கிற மாதிரி மடிக்கிற பலகையும் ஒரு மெத்தையும் போதும். வெல்டிங் வேண்டாம், டிரில் வேண்டாம். கிளம்பும்போது மடிச்சு இறுக்கிக் கட்டிடணும். கட்டாத பலகையும் பிரேக் போட்டா முன்னாடி பறக்கும்.

யோசிச்சுப் பாருங்க, சின்னக் குழந்தைங்க இருக்குற வீட்டுக்கு ராத்திரி கட்டிலை விட பகல் கட்டில்தான் தேவை. திருமூர்த்தி மலை, அமராவதி அணை, கொடிவேரி, பழனி எல்லாமே மங்கலத்துல இருந்து காலைல போய் ராத்திரி வீட்டுக்குத் திரும்பிடலாம். மத்தியானம் மரத்தடியில வண்டியை நிறுத்திட்டு கதவைத் திறந்து வெச்சா, சின்னதை ஒரு மணி நேரம் தூங்க வைக்கலாம். நனைஞ்ச டிரெஸ்ஸை மாத்தலாம், புளிசாதத்தைப் பிரிக்கலாம். ரூம் வாடகைக்குன்னு கொடுக்கறதுல பாதி இதுக்குத்தானே?

காதர்பேட்டை ஃபார்முலா

சரி, வண்டியை எப்படிப் பார்க்கறது? திருப்பூர்க்காரங்களுக்கு கிளாஸே எடுக்க வேண்டாம். காதர்பேட்டைல செகண்ட்ஸ் டீ-ஷர்ட் வாங்கும்போது என்ன பண்றோம்? லேபிளைப் பார்ப்போம், துணியை வெளிச்சத்துல விரிச்சுப் பார்ப்போம், தையலை இழுத்துப் பார்ப்போம். வண்டிக்கும் அதே ஃபார்முலாதான்.

லேபிள் (அதாவது புக்கு): வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி நம்பரை வாங்கி எம்-பரிவாஹன் ஆப்ல போடுங்க. இன்ஷூரன்ஸ் உயிரோட இருக்கா, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கா, இ-சலான் நிலுவை இருக்கான்னு பார்த்துடலாம். ஃபைனான்ஸ் இருந்தா என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் கைக்கு வராம பணம் நகரக்கூடாது. சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டில நேர்ல பார்த்து, புக்கோட ஒத்துப் பாருங்க. டி.என். 39, டி.என். 42 நம்ம திருப்பூர் நம்பர். வேற மாநில நம்பர்னா என்.ஓ.சி., ரோடு டாக்ஸ்னு தனி அலைச்சல். விலை கம்மின்னா அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அடுத்து வயசு. சொந்த உபயோக காருக்கு ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2010 ஓம்னிக்கு 2025-லேயே 15 முடிஞ்சாச்சு. புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில இருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025-ல் 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. இதையெல்லாம் விலைல கழிச்சுத்தான் பேசணும்.

முக்கியமான விஷயம் பேர் மாத்தறது. ஃபாரம் 29, 30-ல கையெழுத்து வாங்கி பீரோல வெச்சுட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்க நிறைய. வித்தவர் 14 நாளுக்குள்ள தகவல் கொடுக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குப் போகணும், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள்ள மாத்தணும். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறினாலும் ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ, விபத்து நஷ்டஈட்டுக்கு அவர்தான் ஓனர். அதனால பேர் மாத்தறது வித்தவருக்கும் நல்லது. 'அப்புறம் மாத்திக்கலாங்க'னு இழுத்தா, நீங்க மெதுவா நகர்ந்துடுங்க.

துணி (பாடி): தரை மேட்டைத் தூக்குங்க. தள்ளுற கதவோட கீழ் ஓரம், வீல் மேல் வளைவு, படிக்கட்டு எல்லாம் துருவோட ஃபேவரைட் ஸ்பாட். நொய்யல் ஓரத்து போர் தண்ணி எவ்வளவு உப்புன்னு உங்களுக்கே தெரியும். சாயக்கழிவு பிரச்னைல 2011 ஜனவரியில் ஐகோர்ட் பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போன ஊர் இது. அந்தத் தண்ணில வருஷக்கணக்கா கழுவின வண்டின்னா, அடியில துரு சீக்கிரமே ஆரம்பிச்சிருக்கும். ஒரு காந்தத்தைத் துணியில சுத்தி பாடி முழுக்க ஓட்டிப் பாருங்க. எங்க ஒட்டலையோ அங்க தகடு இல்லை, பட்டி போட்டு பெயின்ட் அடிச்சிருக்காங்க.

வெள்ளத்துல முங்கின வண்டியான்னும் பாருங்க. 2023 டிசம்பர்ல சென்னைலயும், தூத்துக்குடி, நெல்லைலயும் எத்தனையோ வண்டி தண்ணில நின்னுச்சு. சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுங்க. உள்ள சுருண்டிருந்த பகுதில சேறு, கறை இருந்தா அந்தக் கதை அங்கேயே முடிஞ்சுது.

தையல் (மெக்கானிக்கல்): "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"னு சொல்லிட்டு காலைலயே போங்க. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை விடாம வந்தா கூலன்ட் உள்ள போகுது. கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா போகுது. ஆயில் மூடிக்கு அடியில பால் காபி மாதிரி இருந்தா, டீ கூட குடிக்காம கிளம்பிடுங்க.

ஓம்னில முன்சீட்டைத் தூக்கினா இன்ஜின் தரிசனம். பெட்ரோல் ஹோஸ் வெடிச்சிருக்கான்னு தொட்டுப் பாருங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டியோட ரப்பரெல்லாம் இதை நினைச்சுச் செஞ்சதில்லை. ஹோஸ், வாஷர் எல்லாம் மாத்தறதுக்குத் தனியா காசு வெச்சுக்கோங்க.

வண்டி முன்னாடி என்ன வேலை பார்த்துச்சுன்னு பின்சக்கரத்துக்கிட்ட குனிஞ்சா தெரிஞ்சிடும். ஓம்னி பின்னாடி பிளேட் ஸ்பிரிங். எக்ஸ்ட்ரா பிளேட் சொருகியிருந்தா, 'டாக்டர் ஓட்டின வண்டிங்க'னு யார் சொன்னாலும் அது நூல் மூட்டை சுமந்த வண்டிதான். பின்சீட்டு மட்டும் புதுசு மாதிரி பளபளன்னு இருந்தாலும் டவுட்டு வரணும். இத்தனை நாள் கழட்டி வெச்சிருப்பாங்க. பெல்ட் மாட்டுற போல்ட்டும் அதோட ஓட்டையும் துரு பிடிச்சிருக்கான்னு பாருங்க. சைல்டு சீட் வாங்கற ஐடியா இருந்தா, அதைக் கையோட கொண்டு போய் கட்டிப் பார்க்கறதுதான் பெஸ்ட்.

டயர்ல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நல்லா இருந்தாலும் வயசான ரப்பர் வெடிக்கும். சி.என்.ஜி. வண்டின்னா ஆர்.சி.ல ஏத்தியிருக்கணும், சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ணின சர்டிஃபிகேட் இருக்கணும். அந்த சிலிண்டர் பின்னாடி இடத்தைப் பிடிச்சுக்கும், மெத்தைக் கனவு அங்கேயே பாதியாயிடும்.

கடைசியா, தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய், அவருக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்துடுங்க. நம்ம டிகிரிக்கு மரியாதை குறையாது!

அடுப்பும் ஏசியும்

மாமா சொன்ன கேஸ் அடுப்புக்கு ஒரே பதில்தான். நோ. 2023 ஆகஸ்ட் 26, மதுரை ரயில் நிலையம் பக்கம் நின்னுட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஞாபகம் இருக்கா? உள்ள திருட்டுத்தனமா வெச்சிருந்த கேஸ் சிலிண்டரால தீப்பிடிச்சு 9 பேர் இறந்தாங்க. ஓம்னி அந்தப் பெட்டில ஒரு மூலை அளவுகூட இருக்காது. சமைக்கணுமா, வண்டியை விட்டு இறங்கி தள்ளி வெச்சு சமைங்க. அதைவிட சாப்பாட்டை ஹாட்பாக்ஸ்ல கட்டிட்டுப் போறது ஈஸி.

இன்னொண்ணு சத்தமே போடாது. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கத்துல ஒரு கேரவனை ரோட்டோரமா நிறுத்திட்டு ஏசி போட்டுத் தூங்கின ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. ஜெனரேட்டர்ல இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ள புகுந்துடுச்சு. அதுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ரத்தத்துல ஒட்டிக்கும். அது கேரவன்னே செஞ்ச வண்டி. நம்மளோடது சீட்டுக்கு அடியிலயே இன்ஜின் இருக்குற பழைய வேன். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏத்தி, ஏசி போட்டுத் தூங்கறது கூடவே கூடாது. குழந்தைங்க இருந்தா அஞ்சு நிமிஷம்கூட வேண்டாம். சைலன்சர்ல ஓட்டை இருந்தா முதல் வேலையா மாத்துங்க.

மலைக்குப் போறவங்களுக்கு

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7-ல் இருந்து இ-பாஸ் கொண்டு வந்தாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அப்போதைய ரூலைப் பார்த்துடுங்க. திம்பம், பந்திப்பூர் ரோட்டுல ராத்திரி போக்குவரத்துக்குத் தடை இருக்கு. காட்டு ரோட்டோரம் வண்டியை நிறுத்தித் தூங்கறதுங்கற பேச்சே இல்லை, அங்க யானைதான் ஓனர். இறங்கும்போது நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பண்ணாதீங்க. பிரேக் சூடேறிட்டா பிடிக்காது. செகண்ட் கியர்ல இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கட்டும்.

கணக்கு

கையில இருக்கற காசு முழுசையும் வண்டிக்குக் கொடுத்துடாதீங்க. நாலுல ஒரு பங்கை ஒதுக்கி வெச்சுட்டு, மீதி மூணு பங்குக்குள்ள வண்டி தேடுங்க. ஒதுக்கினது டயர், பிரேக், ஹோஸ், பெல்ட், இன்ஷூரன்ஸ், பேர் மாத்தறதுன்னு மூணே மாசத்துல கரைஞ்சிடும். மெத்தை கடைசில வாங்கிக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வாடகை வேன் எடுத்து அமராவதி வரைக்கும் போயிட்டு வாங்க. சின்னதுக்கு வண்டில வாந்தி வருதா, பெரியது பெல்ட் போட ஒத்துக்குதா, மத்தியான வெயில்ல நின்ன வண்டிக்குள்ள ஆள் இருக்க முடியுதான்னு அன்னைக்கே தெரிஞ்சிடும்.

எல்லாம் பார்த்து முடிக்கும்போது ஓனர் கட்டாயம் ஒரு டயலாக் விடுவார். "இன்னிக்கே அட்வான்ஸ் கொடுத்துடுங்க, சாயங்காலம் வேற பார்ட்டி வர்றாங்க." பதட்டமே வேண்டாம். புக்கு கிளியர், பெல்ட் கிளியர், அடித்தகடு கிளியர்னா கொடுங்க. மூணுல ஒண்ணு இடிச்சாலும், "அந்த பார்ட்டிக்கே கொடுத்துடுங்கண்ணா"னு சொல்லிட்டு பஸ் ஏறிடுங்க.

*அடுத்த வாரம்: செகண்ட் ஹேண்ட் லேப்டாப். பேட்டரி சொல்ற பொய்கள்!*